ஜப்பான் மரத்துக்கும் நம் வேலூர் மரத்துக்கும் இவ்வளவு தூரம் ஏன்?

(போன்சாய், அதாவது மரத்தைத் தட்டில் குறுக்கி வளர்க்கும் கலை பழகும் வேலூர்ப் பக்கத்துக்காரர்களின் உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

காட்பாடி மொட்டைமாடி (பிப்ரவரி, ஞாயிறு இரவு)

நேற்று செய்யக்கூடாத ஒரு வேலையைச் செய்தேன். என் ஆலமர போன்சாயைப் படம் எடுத்து, டோக்கியோ கொகுஃபு கண்காட்சியில் வைத்த ஒரு மரத்தின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொகுஃபு தெரியாதவர்களுக்கு: 1934-ல் தொடங்கிய கண்காட்சி. உவேனோ பூங்காவில் உள்ள கலைக்கூடத்தில் பிப்ரவரியில் நடக்கும். போன்சாய்க்காரர்களுக்கு அதுதான் பெரிய மேடை.

என் மரத்துக்கு என் கையில் ஒன்பது வயது. உயரம் இரண்டடி. அடிமரம் என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். ஒன்பது வருஷமாகத் தண்ணீர் ஊற்றி, கம்பி சுற்றி, மண் மாற்றி, மே மாதத்தில் ஊருக்குக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டேன். இன்னும் அது தட்டில் வைத்த ஆலங்கன்றாகத்தான் இருக்கிறது. மரம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மண்ணா, வெயிலா, கைத்திறமையா? "அவர்களுக்குப் பொறுமை அதிகம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்பது வருஷம் பொறுத்தவன் நான்.

ராணிப்பேட்டை புதுசு

அண்ணா, மண்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் அகாடமா என்று ஒரு மண் போடுகிறார்கள். ஆன்லைனில் விலை பார்த்தேன், தலை சுற்றியது. கடன் வாங்கியாவது ஒரு மூட்டை வாங்கலாமா?

சத்துவாச்சாரி சார்

வாங்காதீர்கள் தம்பி. அகாடமா ஜப்பானில் கான்டோ சமவெளியில் தோண்டி எடுக்கும் எரிமலை மண். அவர்களுக்கு அது பக்கத்து ஊர்ச் சரக்கு. நாம் அதைக் கப்பலில் வரவழைப்பது, பாலாற்று மணலை அவர்கள் வரவழைப்பது போல.

காட்பாடித் தம்பிக்கு ஒரு கணக்கு. அடிமரத்தின் குறுக்களவைப் போல ஆறு மடங்கு உயரம் என்பது இந்தக் கலையில் பழைய அளவு. கொஞ்சம் கூடலாம், குறையலாம். உங்கள் மரம் 60 செ.மீ. என்றால் அடி 10 செ.மீ. இருந்தால்தான் பார்ப்பவர் கண்ணுக்குக் கிழமரமாகத் தெரியும். உங்களுடையது 3 செ.மீ. தேறினால் அதிகம். மீதி 7 செ.மீ. இரண்டு அங்குலத் தட்டுக்குள் ஒருநாளும் வராது. வேர் ஓடினால்தான் கிளை ஓடும், கிளை ஓடினால்தான் அடி பருக்கும். தட்டில் வைப்பதே அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான். நீங்கள் ஓடத் தொடங்கும் முன்பே நிறுத்திவிட்டீர்கள்.

நீங்கள் படத்தில் பார்த்த மரத்தை ஒரே ஆள் வளர்த்திருக்க மாட்டார். ஜப்பானில் தகமட்சு நகரத்தை ஒட்டி கினாஷி, கொக்குபுஞ்ஜி என்று இரண்டு ஊர்ப்பகுதிகள். அங்கே பைன் மரங்களை நாம் நிலக்கடலை போடுவதுபோல வரிசை வரிசையாக வயலில் நட்டு வைத்திருக்கிறார்கள். வருஷக்கணக்கில் நிலத்திலேயே கிடக்கும். ஒரு கிளையை வேண்டுமென்றே காடாக வளரவிட்டு, அடி பருத்ததும் அதை வெட்டி எறிவார்கள். பலி கிளை என்று நாங்கள் கேலியாகச் சொல்வோம். அடிமரம் தயாரான பிறகுதான் தொட்டி. அதன் பிறகு நுண்வேலை தெரிந்த தோட்டங்களுக்குப் போகும். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவை விட்டுப் போன தோட்டக்காரர்கள் 1925-ல் ஓமியாவில் அமைத்த போன்சாய் கிராமம் அப்படிப்பட்ட இடம். தொட்டி செய்பவர்கள் இன்னொரு ஊரில், தொக்கோனாமேயில்.

ஆக அங்கே உழவர் வேறு, தச்சர் வேறு, குயவர் வேறு. இங்கே மூன்றும் நாமே. அதுவும் நர்சரிப் பையில் இருக்கும் ஒன்றரை அடிக் கன்றை வாங்கி வந்த அன்று மாலையே தட்டில் வைத்துக் கம்பி சுற்றிவிடுகிறோம். காது குத்தாத பிள்ளைக்கு அறுபதாம் கல்யாணம்.

குடியாத்தம் நர்சரி

சார் சொல்வதெல்லாம் சரி. ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள், நான் விற்கிறவன்.

ஒரு இச்சிக் கன்றை (ஆலுக்கு உறவு, இலை சின்னது) ஐந்து வருஷம் நிலத்தில் வைத்து எடுத்தால் ஆறாயிரமாவது கேட்டாக வேண்டும். வருகிறவர், "அண்ணா, இதே மரம் அந்தக் கடையில் 650-க்கு இருக்கிறதே" என்பார். அது இதே மரம் இல்லை. அடியில் கிழங்கு மாதிரி வேர் வீங்கி, மேலே சின்ன இலை ஒட்டுக்கட்டியிருக்குமே, 'ஜின்செங்' என்று சொல்லி விற்பார்கள். சீனாவில் ஆயிரக்கணக்கில் செய்து அனுப்புகிற சரக்கு. உருளைக்கிழங்கு மேல் கொத்தமல்லி நட்ட மாதிரி இருக்கும். அதைத்தான் மேசைக்கு அழகு என்று வாங்கிப் போகிறார்கள். வாங்குகிறவர் கண் பழகாமல் விற்கிறவன் மட்டும் எப்படித் தரத்தை உயர்த்துவது?

இன்னொன்று. நில வாடகை, வேலையாள் கூலி, போர் கரண்ட். ஐந்து வருஷம் யார் தருவார்கள்?

ஆம்பூர் தோல்

நான் ஷூ கம்பெனி வேலையாகச் சீனாவில் குவாங்சோ பக்கம் நாலைந்து தடவை போனவன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: நாம் ஏன் ஜப்பானையே பார்க்கிறோம்? அங்கே பனி விழுகிறது. நம் ஊரில் மே மாதத்தில் செருப்பில்லாமல் மாடி ஏறினால் கால் கொப்பளிக்கும். அவர்களுடைய பைனும் நம்முடைய ஆலும் ஒரே தராசில் நிற்காது.

குவாங்சோ வட்டாரத்தில் லிங்னான் என்று ஒரு பாணி. பெரும்பாலும் கம்பியே கிடையாது, கத்தரிதான். ஒரு கிளையை நீளமாக ஓடவிட்டு, வேண்டிய பருமன் வந்ததும் ஒரு விரல்கடை மட்டும் வைத்து ஒட்ட வெட்டுவார்கள். அங்கிருந்து புதுக்கிளை வேறு திசையில் கிளம்பும். அதையும் ஓடவிட்டு, அதைவிடக் குறைவான பருமனில் வெட்டுவார்கள். இப்படி ஐந்தாறு வெட்டு. மான்கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு வரும் கிளை, ஒவ்வொரு திருப்பத்திலும் மெலிந்துகொண்டே போகும். இலையை உதிர்த்துவிட்டு வெறும் கிளையோடு கண்காட்சிக்கு வைப்பார்கள், ஒளிக்க ஒன்றுமில்லை என்று. வேகமாக வளரும் சூடான ஊருக்கென்றே உண்டான முறை அது. நமக்குப் பத்து மாதம் வளர்ச்சிக் காலம். கம்பி சுற்றினால் இச்சியில் ஒரு மாதத்திலேயே தழும்பு விழுகிறது. அப்புறம் எதற்குக் கம்பி?

இதைக் கேளுங்கள். அவர்கள் அந்த முறைக்கு அதிகம் வைத்துக்கொள்ளும் செடிகளில் ஒன்றை 'ஃபுக்கியன் டீ' என்கிறார்கள். பார்த்ததும் எங்கோ பார்த்த முகமாக இருந்தது. நம் புதர்க்காட்டில் ஆடு மேயும் குரங்கு வெற்றிலை! சின்ன இலை, வெள்ளைப் பூ, சிவப்புப் பழம். வெல்லத்தைத் தேடி எறும்பு போகலாம், நாம் குரங்கு வெற்றிலையைத் தேடிச் சீனா போகிறோம்.

மிலானுக்குத் தோல் சந்தைக்குப் போனபோது பக்கத்தில் பரபியாகோ என்ற ஊரில் கிரெஸ்பி போன்சாய் அருங்காட்சியகம் பார்த்தேன். 1991-ல் திறந்தது. ஆயிரம் வயது என்று சொல்லி நடுவில் வைத்திருப்பது பைன் மரமில்லை, இச்சி இனம். கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, குளிரிலிருந்து காப்பாற்றி வளர்க்கிறார்கள். நம் ஊரில் அதே இனம் கோயில் மதில் இடுக்கில் சும்மா முளைக்கிறது.

ஏலகிரி வீடு

நான் மலையில் இருக்கிறேன். கீழே இருப்பவர்கள் "உங்களுக்கென்ன, குளிர் இருக்கிறது, பைன் வைக்கலாம்" என்பார்கள். வைத்துப் பார்த்தேன். ஜப்பான் கறுப்புப் பைன் மூன்று வருஷம் இழுத்துக்கொண்டிருந்து போனது. அதற்கு வேண்டியது நிஜமான குளிர்கால ஓய்வு. நம் மார்கழிக் குளிர் அதற்குத் தூக்கம் வராத குளிர். ஜூனிப்பர் என்ற குளிர்நாட்டு மரம் ஒன்று உயிரோடு இருக்கிறது, ஆனால் வளர்கிறதா என்று கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஆம்பூர் அண்ணன் சொன்னது எனக்கு உறைக்கிறது. பெங்களூர் லால்பாக்கிலும் மைசூர் கணபதி சச்சிதானந்த ஆசிரமத்து கிஷ்கிந்தா தோட்டத்திலும் போன்சாய்களைப் பார்த்தேன். என் கண்ணுக்கு நிறைவாக இருந்தவையெல்லாம் ஆல், இச்சி, புளி மாதிரி நம் மரங்கள்தான்.

காட்பாடி மொட்டைமாடி

சரி, ஜப்பானை விட்டுவிட்டேன். தைவானோடும் இந்தோனேசியாவோடும் ஒப்பிட்டாலும் நாம் பின்னால்தானே இருக்கிறோம்? இந்தோனேசியாக்காரர்களுக்கும் நம்மைப் போன்ற வெயில்தான்.

சத்துவாச்சாரி சார்

பின்னால்தான், சந்தேகமில்லை. ஆனால் இப்போது சரியான வகுப்பில் உட்கார்ந்து பின்னால் இருக்கிறோம், அதுவே முன்னேற்றம்.

இந்தோனேசியாவில் கடலோரப் பாறையில் விளையும் 'செந்திகி' என்ற செடி. உப்புக் காற்றில் முறுக்கேறிய அடிமரம். அந்தக் கிழத்தன்மை இயற்கை கொடுத்தது. ஐரோப்பியர்களும் மலையில் பனி நசுக்கிய மரங்களைத் தோண்டி வருகிறார்கள். அவர்களுடைய தரத்தில் பாதி அந்தப் பொறுக்கல்தான். தைவானில் வெப்பமும் உண்டு, ஜப்பானியத் தொழில்முறைப் பழக்கமும் உண்டு. வயலில் வேகமாகப் பருக்க வைத்து, ஜப்பானிய நுணுக்கத்தோடு முடிக்கிறார்கள். நாம் பார்த்துக் கற்க வேண்டியவர்கள் இவர்கள் என்பது என் எண்ணம்.

பயிற்சியும் ஒரு காரணம். அமெரிக்கர் ராயன் நீல் ஓமியாவில் மசாஹிகோ கிமுரா என்ற போன்சாய் ஆசானிடம் ஆறு வருஷம் சீடராக இருந்துவிட்டுத்தான் சொந்தத் தோட்டம் போட்டார். நாம் இரண்டு நாள் பயிலரங்கு, ஒரு சான்றிதழ், மதியம் சாப்பாடு.

ராணிப்பேட்டை புதுசு

காட்டிலிருந்து தோண்டலாம் என்றால் ஜவ்வாது மலைக்கு ஒரு நடை போய் வரட்டுமா? எங்கள் சித்தப்பா வீடு போளூரில்தான்.

ஆரணி அக்கா

வேண்டாம் தம்பி. காப்புக்காட்டில் ஒரு செடியைப் பிடுங்கினாலும் வனத்துறை வழக்கு வரும், வரவும் வேண்டும். தோண்டிய மரங்களில் பாதிக்கு மேல் நம் கையில் செத்தும் போகும். அந்தப் பாவமும் சேரும்.

தேடினால் ஊருக்குள்ளேயே கிடைக்கும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் சுவரில் முளைத்த அரசு, இச்சி. இருபது வருஷமாகச் சுண்ணாம்புக்காரைக்குள் வேரை அழுத்திக் கிடந்தவை. வேர் தட்டையாகச் சுவரைத் தழுவியிருக்கும், அந்த வேரழகை எந்த நர்சரியும் தர முடியாது. மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சாலை அகலப்படுத்தும்போது ஓரத்தில் கிடக்கும் புளியங்கன்று, ஆடு கடித்துக் கடித்துக் குட்டையான கொடுக்காப்புளி, வரப்பில் பலமுறை வெட்டுப்பட்ட பிராய். பிராய் மரத்தைத் தாய்லாந்தில் எப்படி வளர்க்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், நம் வயல்வரப்பைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

மண் பற்றி யாரும் பேசவில்லையே. நான் போடுவது செங்கல். நம் பக்கம் சூளைக்கா பஞ்சம்? நன்றாக வெந்த உடைசலாகப் பார்த்து எடுக்க வேண்டும். அரைவேக்காட்டுக் கல் ஆறு மாதத்தில் சேறாகிவிடும். உடைத்து இரண்டு சல்லடையில் சலித்து, 3 மி.மீ.க்கு மேல் 6 மி.மீ.க்குக் கீழ் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். தூளைக் கொட்டிவிட வேண்டும், இதில் கஞ்சத்தனம் கூடாது. ஆழமில்லாத தட்டில் தண்ணீர் அடியில் தேங்கி நிற்கும். மண் பொடியாக இருந்தால் மேலே காய்ந்து, கீழே அழுகும். செம்மண்ணும் தென்னை நார்த்தூளும் போட்டு ஐப்பசி மழையில் நான் இழந்த மரங்கள் ஏழு.

ஆறு பங்கு செங்கல், இரண்டு பங்கு கழுவிய பருமணல், இரண்டு பங்கு நன்கு மக்கிய தொழுவுரம், ஒரு கைப்பிடி அடுப்புக்கரி. எம்-சாண்ட் போடுவதானால் தூள் போகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் இறுகிவிடும். இந்தக் கலவை வெயிலில் சீக்கிரம் காயும். சித்திரை வைகாசியில் இரண்டு வேளை தண்ணீர் கட்டாயம்.

ராணிப்பேட்டை புதுசு

அக்கா, தண்ணீர்தான் என் பிரச்சினை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது, காகிதப்பூ இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது.

ஆரணி அக்கா

அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் அதை வேர் எடுக்க முடியாமல் கட்டிவிடும். மாடி மழைநீரை இரண்டு டிரம்மில் பிடித்து வையுங்கள். அது தீர்ந்த பிறகு போர் தண்ணீர்தான் என்றால், ஊற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாமல் அடித் துளையில் ஓடும்வரை நிறைய ஊற்றுங்கள். சிறிது சிறிதாக ஊற்றினால் உப்பு தொட்டிக்குள்ளேயே தங்கும். அடிமரத்தில் படிந்த வெள்ளையை ஈரமான பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள்.

அப்புறம், தொட்டியைத் தளத்தில் நேராக வைக்காதீர்கள். பலகை மேல் வையுங்கள், ஏப்ரல் முதல் ஜூன் வரை மதியத்துக்குப் பச்சை வலை. இலை வாடினால் தெரியும், வேர் வெந்தால் தெரியாது.

என் மாமியார், "வீட்டில் மரத்தைக் குறுக்கி வைத்தால் குடும்பம் வளராது" என்று பத்து வருஷம் சொன்னார். இப்போது அவர்தான் காலையில் தண்ணீர் ஊற்றுகிறார். புளி மட்டும் கூடாதாம், அதில் பேய் இருக்குமாம். ஒரு அடிப் புளியில் எவ்வளவு பெரிய பேய் இருக்கும் என்று கேட்டேன், பதில் இல்லை.

ஆம்பூர் தோல்

சிரித்துவிட்டேன் அக்கா. ஆனால் உங்கள் மாமியார் செய்வது சாதாரண விஷயமில்லை. அமெரிக்கத் தலைநகரில் தேசிய மரத்தோட்டத்தில் ஒரு வெண்பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்கிறது. யமாகி குடும்பத்து மரம். 1945-ல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அந்த வீட்டு மதிலுக்குப் பின்னால் இருந்து தப்பியது. 1976-ல் அதை அமெரிக்காவுக்கே பரிசாகக் கொடுத்தார்கள். குண்டிலிருந்து தப்பிய மரம் என்பது 2001-ல் பேரன்கள் பார்க்க வந்தபோதுதான் அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்தது. நம் வீடுகளில் வளர்த்தவர் கண்ணை மூடினால், பதினாறாம் நாளுக்குள் தொட்டிகள் நர்சரிக்கோ குப்பைக்கோ போய்விடுகின்றன.

காட்பாடி மொட்டைமாடி

சரி, துணிந்து என் ஆலை விமர்சனத்துக்கு வைக்கிறேன். கம்பியால் வளைத்த 'எஸ்' வளைவு. இலை உள்ளங்கை அகலம், சிறுக்கட்டும் என்று அவ்வப்போது இலையை உதிர்த்துவிடுகிறேன். வேர் ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரிகிறது. விழுது விடவே இல்லை. "சூப்பர், அருமை" என்று சொல்பவர்கள் தயவுசெய்து விலகி நிற்கவும். எட்டு வருஷம் அதைக் கேட்டுத்தான் இப்படி ஆனது.

சத்துவாச்சாரி சார்

கேட்டதால் சொல்கிறேன். வளைவு செயற்கை. பாம்பு மாதிரி ஒரே அளவில் வளைகிறது. எந்த ஆலமரமும் அப்படி வளராது. நம் சாலையோர ஆல் குட்டையாக, அகலமாக, குடை மாதிரி இருக்கும். ஜப்பானியப் பைனின் வடிவத்தை ஆலின் மேல் திணித்திருக்கிறீர்கள். ஆல் இலை அதிகம் சிறுக்காது. ஆகவே ஆல் என்றால் மரம் பெரிதாக வேண்டும், மூன்றடிக்குக் குறையாமல். சின்னதாக வேண்டுமானால் இச்சிக்கு மாறுங்கள்.

இலை உதிர்ப்பதாகச் சொன்னீர்கள். அதை நிறுத்துங்கள். அது கிளை முடிந்த மரத்துக்குச் செய்யும் கடைசி வேலை. வளர வேண்டிய மரத்தின் சோற்றுத் தட்டைப் பிடுங்குவது போல அது.

செய்ய வேண்டியது: ஆடியில் நிலத்தில் வையுங்கள். ஆணிவேர் இருந்தால் வெட்டிவிட்டு, அடியில் ஒரு கடப்பாக்கல் துண்டைப் புதைத்து, அதன் மேல் வேர்களை நாலாபுறமும் கைவிரல் மாதிரி விரித்து நடுங்கள். கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடும். இரண்டு வருஷம் கத்தரியைத் தொடாதீர்கள். ஆள் உயரம் தாண்டட்டும். அப்புறம் அரை அடி உயரத்தில் வெட்டி, புதுத் தளிரைத் தலைமையாக்குங்கள். விழுது பற்றிப் பிறகு பார்க்கலாம். நம் காற்று வறட்சி. மழை மாதங்களில் உறிஞ்சுகுழலைப் பிளந்து ஈரநார் வைத்து இறக்கிவிட்டால் வரும்.

காட்பாடி மொட்டைமாடி

ஒன்பது வருஷ மரத்தை அரை அடியில் வெட்டுவதா சார்?

சத்துவாச்சாரி சார்

மூன்று செ.மீ. கன்றை, தம்பி.

குடியாத்தம் நர்சரி

இரண்டு நாளாக யோசித்தேன். என் நிலத்தில் கிணற்றோரம் பத்து சென்ட் சும்மா கிடக்கிறது. இங்கே இருப்பவர்கள் ஆளுக்குப் பத்துக் கன்று நட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் என் பொறுப்பு. ஐந்து வருஷம் கழித்து ஆளுக்கு மூன்று மரம் எனக்கு, மீதி உங்களுக்கு. வாடகை வேண்டாம். கரிகிரிப் பக்கம் குயவர் ஒருவரிடம் அகலத் தட்டு கேட்டிருக்கிறேன். அடியில் பெரிய துளை நாலு வைக்கச் சொன்னதற்கு, "தண்ணீர் நிற்காத பாத்திரம் எதற்கு?" என்று திட்டினார். ஆனாலும் செய்து தருகிறாராம்.

ஏலகிரி வீடு

எனக்குப் பத்து இடம். ஜூனிப்பரைக் கொண்டுவர மாட்டேன், பயப்படாதீர்கள்.

காட்பாடி மொட்டைமாடி (ஆடி முதல் ஞாயிறு)

நட்டாகிவிட்டது. ஆல் ஒன்று, இச்சி ஆறு, புளி இரண்டு, இடிந்த வீட்டுச் சுவரிலிருந்து எடுத்த அரசு ஒன்று. ஆலிலிருந்து கம்பியைப் பிரிக்கும்போது தோலில் வரிவரியாகப் பதிந்திருந்த தழும்பைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒரு சந்தேகம்: கிணற்றோரம் சாயங்காலம் ஆடுகள் வருகின்றன. முள்வேலிக்குப் பணம் இல்லை. என்ன செய்வது?

ஆரணி அக்கா

கிளுவைப் போத்து வெட்டி நெருக்கமாக ஊன்றுங்கள், மழையில் தானே வேர் பிடிக்கும். நாலைந்து போத்தைத் தனியாக ஒதுக்கி, கடப்பாக்கல் மேல் வைத்து நடுங்கள். கிளுவைக்கு அடி நன்றாகப் பருக்கும், இலையும் பொடி.

குடியாத்தம் நர்சரி

அதுவரை ஆடுகளை நான் பார்த்துக்கொள்கிறேன். என் ஆடுகள்தான் அவை.